பழைய மாடிப்படி: மாற்றுவதா, மெருகேற்றுவதா?

கொழும்பில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய மாடிவீடுகள் பலவற்றில் ஒரே சாயலில் ஒரு படிக்கட்டு இருக்கும். இரும்புக் கம்பியில் சுருள் சுருளாகப் பூவேலை, அதன்மேல் கைபிடிக்க நீளமாக ஒரு மரச்சட்டம், மிதிக்கப் பலாப் பலகை அல்லது தேக்குப் பலகை. கம்பிக்கு வெள்ளி நிறமோ கறுப்போ அடித்திருப்பார்கள். மரத்துக்கு ஒவ்வொரு கலியாணத்துக்கும் ஒவ்வொரு கை வார்ணிஷ் ஏறியிருக்கும். இப்போது பார்த்தால் மரம் எது, அழுக்கு எது என்று தெரியாத ஒரு கறுத்த மண்ணிறம்.

வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கும் பேச்சு எழுந்தவுடன் இந்தப் படிக்கட்டின் பேச்சும் வந்துவிடும். வெள்ளவத்தையில் அம்மாவின் வீட்டிலும் வந்தது. கனடாவில் இருக்கும் அண்ணா, கம்பியை வெட்டி எடுத்துவிட்டுக் கண்ணாடி போடச் சொன்னார். பக்கத்து வீட்டு அன்ரி டைல் பதிக்கச் சொன்னார். அம்மா சொன்னது ஒன்றுதான்: "என்னத்தையாவது செய்யுங்கோ, கையால இறுக்கிப் பிடிக்க ஒண்டு இருக்கோணும்." ஒவ்வொரு வழியாக விசாரித்து எடைபோட்டுப் பார்த்தோம். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படிக்கட்டுகளில் பெரும்பாலானவற்றின் அமைப்பில் குறையில்லை. பழசாகத் தெரிவது நிறம்தான். ஆகவே உறுதியாக இருக்கும் படிக்கட்டை மாற்றத் தேவையில்லை. ஆனால் மரத்துக்கு ஒரு முடிவு, இரும்புக்கு ஒரு முடிவு என்று இரண்டையும் தனித்தனியே யோசிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பாஸ் (வேலை தெரிந்த கைவினைஞர்), ஒரே டின், ஒரே நாள் என்று போனால் இரண்டும் கெட்டுவிடும்.

எந்த வழியை எடுப்பது என்று யோசிக்கு முன்னர் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு படிக்கட்டின் அடியில் போய் உட்காருங்கள். பலகையின் அடிப்பக்கத்திலும் சுவரோடு சேரும் முனையிலும் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கறையான் அரித்திருக்கிறது அல்லது மரம் உக்கியிருக்கிறது. சின்னச் சின்னத் துளையும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் வண்டு துளைத்திருக்கிறது. அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம். பிறகு கம்பித் தூண்கள் சீமெந்துக்குள் அல்லது அடிச்சட்டத்துக்குள் இறங்கும் இடத்தைப் பாருங்கள். நிலம் துடைக்கும் தண்ணீர் தேங்குவது அங்கேதான், துரு முதலில் தின்பதும் அங்கேதான். தூணைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா? ஆடினால் பெயின்றைப் பற்றிப் பேச முன்னர் வெல்டிங் பாஸைக் கூப்பிட வேண்டும். அடிப்பாகத்தை மட்டும் வெட்டிப் புதுத்துண்டு வைத்து ஒட்டுவது பெரிய வேலை இல்லை.

கண்ணாடியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும்

இப்போது எழும்பும் தொடர்மாடிகளில் எல்லாம் இதுதான் என்பதால் பழைய வீட்டுக்காரருக்கும் இந்த ஆசை வருகிறது. ஆசையில் பிழையில்லை. வெளிச்சம் கிடைக்கும், ஒடுக்கமான ஹோல் அகலமாகத் தெரியும். ஆனால் மரைன் டிரைவில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் வீட்டில் கடற்காற்று என்ன செய்யும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சாதாரணமாகப் போடுவது 304 என்ற ரகம். உப்புக்காற்று படும் இடத்தில் அதில் தேநீர்க் கறை போல மண்ணிறப் புள்ளிகள் வரும், முக்கியமாக வெல்டிங் செய்த மூட்டுகளில். கடலோரத்துக்கு ஏற்றது 316. அதில் மொலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் கலந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். விலைக்குறிப்பில் "ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எந்த ரகம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடிக்குப் பாரமும் உண்டு. 12 மில்லிமீற்றர் தடிப்பான கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு 30 கிலோ. பழைய இரும்புச் சட்டத்தின் பக்கவாட்டில் அதைப் பூட்டுவதானால் சட்டம் தாங்குமா என்று தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். போடுவதானால் ரெம்பர் செய்த, அதாவது சூடாக்கிப் பலப்படுத்திய கண்ணாடி மட்டுமே. பிறகு அதைத் துடைப்பது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. பிள்ளைகளின் கைரேகையும் உப்புப் படலமும் கண்ணாடியில் உடனே தெரியும். இரண்டும் வெளிநாட்டில் இருந்து வரும் சாமான், 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இவற்றின் விலை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இந்த வழி சரியாக வரும் வீடும் உண்டு. கம்பிகளுக்கு இடைவெளி அகலமாக இருந்து, பாதிக் கம்பியும் துருப்பிடித்து, வீட்டில் சின்னப்பிள்ளைகளும் இருந்தால் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்துக் கட்டட விதிகளின்படி 100 மில்லிமீற்றர் உருண்டை ஒன்று கம்பிகளுக்கு இடையில் புகக் கூடாது. பழைய பூவேலைக் கம்பிகள் பலவற்றில் அதைவிடப் பெரிய இடைவெளி இருக்கும். ஆனாலும் அதே வடிவில் இடையில் ஒரு கம்பி சேர்த்து ஒட்டினால் போதுமா என்பதை முதலில் பாருங்கள். எங்கள் வீட்டில் அது போதுமாக இருந்தது. பேரப்பிள்ளையின் தலை புகுமளவு இடைவெளி இருந்த இடங்களில் மட்டும் கம்பி சேர்த்தோம், பழைய சுருளோடு அது பொருந்தியும் போனது.

மேலே எதையாவது ஒட்டுவது

டைல், வைனில், லமினேற் எல்லாவற்றையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மரப்படிக்கு எதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். கொழும்பின் ஈரத்தில் மரம் உப்பும், வெயில் காலத்தில் சுருங்கும். டைல் அசையாது. அதனால் மூட்டு வெடித்து, மிதிக்கும்போது சத்தம் போடத் தொடங்கும். வைனிலுக்கு அடியில் ஈரம் அடைபட்டு மரம் உள்ளுக்குள்ளேயே உக்கும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது உயரம். ஒவ்வொரு படியும் 15 மில்லிமீற்றர் உயர்ந்தால் நடுவில் வித்தியாசம் தெரியாது. ஆனால் முதல் படி அந்தளவு உயரமாகவும் கடைசிப் படி அந்தளவு தாழ்வாகவும் போய்விடும். கால் ஒரே அளவுக்குப் பழகி ஏறும்போது ஒரு படி மாத்திரம் வித்தியாசப்பட்டால் இடறும். இரவில் இறங்கும் வயதானவர்களுக்கு அது ஆபத்து.

மரத்துக்கும் பெயின்ற்

மரத்தையும் வெள்ளையாகவோ சாம்பலாகவோ அடித்துவிடுவதுதான் செலவு குறைந்த வழி. பலகையில் புட்டி வைத்து அடைத்த ஓட்டைகள், வேறு வேறு மரத்துண்டுகள், நிறம் போன இடங்கள் எல்லாம் ஒரே பூச்சில் மறைந்துவிடும். மரம் சாதாரணமானது, ஒட்டுப்போட்டது என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் தேக்கு, முதிரை, பலா என்று தெரிந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். முதிரையில் கைபிடி வேண்டும் என்று இன்றைக்கு மரக்காலையில் போய் விலை கேட்டுப் பாருங்கள், உங்கள் வீட்டில் இருப்பதன் பெறுமதி தெரியும். பெயின்ற் ஒருமுறை மரத்தின் நார்களுக்குள் இறங்கிவிட்டால் பிறகு முழுமையாக எடுப்பது பெரும்பாடு. மிதிபலகையில் வெள்ளை அடித்தால் நடுப்பாகம் சீக்கிரம் தேய்ந்து அழுக்காகத் தெரியும் என்பதும் இருக்கிறது. இடைநிலையாக ஒரு வழி: கைபிடியையும் மிதிபலகையையும் மரமாகவே விட்டு, படிகளுக்கு இடையே செங்குத்தாக நிற்கும் பலகைகளுக்கு மட்டும் வெள்ளை அடிப்பது. படியின் விளிம்பு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், பார்வை குறைந்தவர்களுக்கு நல்லது.

சுரண்டி, மரத்தை வெளியே கொண்டுவருவது

எங்கள் தெரிவு இதுதான். வேலையும் பொறுமையும் அதிகம் வேண்டும் என்பதை மறைக்கமாட்டேன்.

முதலில், இப்போது மரத்தில் இருப்பது என்ன பூச்சு என்று கண்டுபிடிக்க வேண்டும். மறைவான ஓரிடத்தில் துணியில் ஸ்பிரிட் நனைத்துத் தேயுங்கள். ஒட்டிக்கொண்டு கரைந்தால் அது அரக்குப் பொலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லேக்கர் தின்னருக்குக் கரைந்தால் லேக்கர். இரண்டுக்கும் கரையவில்லை என்றால் எண்ணெய் வார்ணிஷ் அல்லது பொலியூரித்தேன், அதைச் சுரண்டியும் அரத்தாள் போட்டும்தான் எடுக்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு கைபிடி பிசுபிசுக்கத் தொடங்கியது என்று சில வீடுகளில் சொல்வார்கள். பழைய பூச்சு அரக்குப் பொலிஷ் என்றால் கைக்குப் பூசும் சானிடைசரில் இருக்கும் அல்கஹோலே அதைக் கரைக்கும்.

அரத்தாள் சொரசொரப்பான 80ஆம் இலக்கத்தில் தொடங்கி, 120, பிறகு மெல்லிய 180. நடுவில் ஒன்றைத் தாண்டினால் முதல் தாளின் கீறல் அப்படியே நின்று, வார்ணிஷ் பட்டவுடன் பளிச்சென்று தெரியும். மரத்தின் ரேகையோடு தேய்க்க வேண்டும், குறுக்கே அல்ல. பலாவாக இருந்தால் உள்ளிருந்து வரும் மஞ்சளைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். உடனே நிறம் பூசி மறைக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். வெளிச்சம் படப்பட, மாதக்கணக்கில் அந்த மஞ்சள் தானாகவே தேன் நிறமாகிப் பிறகு செம்மண்ணிறத்துக்குப் போகும். தேக்கில் வேறு சிக்கல். அதில் எண்ணெய்ப் பிடிப்பு இருப்பதால் பூச முன்னர் தின்னரால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு காயாமல் இழுக்கும். ஆணி, ஸ்குரூவைச் சுற்றிக் கறுப்பாகப் படர்ந்திருப்பது இரும்பும் மரச்சாறும் சேர்ந்து உண்டாக்கிய கறை. அரத்தாளுக்கு அது முழுதாகப் போகாது. ஒக்சாலிக் அசிட் கரைசல் தடவினால் போகும். அது நஞ்சு என்பதால் கையுறை போட்டு, பிறகு நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும்.

இனி மேலே என்ன பூசுவது? கடைகளில் முதலில் காட்டுவது இரண்டு டின் கலந்து அடிக்கும் பொலியூரித்தேன். உறுதியில் அதை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் அடிக்கும்போது வரும் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல், சாதாரண முகக்கவசம் போதாது. பிறகு ஒரு படியில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்துவதும் கஷ்டம். தண்ணீரில் கரையும் பொலியூரித்தேன் மணம் குறைவு, சீக்கிரம் காயும், மஞ்சளாகாது. முதல் பூச்சில் மரத்தின் நார் கொஞ்சம் எழும்பும், மெல்லிய தாளால் தடவிவிட்டு இரண்டாவதைப் பூசலாம். ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மெழுகு எண்ணெய் மூன்றாவது வழி. தொட்டால் மரமாகவே இருக்கும், தேய்ந்த இடத்தில் மட்டும் திரும்பப் பூசலாம், ஆனால் அவ்வப்போது பூசிக்கொண்டே இருக்க வேண்டும். லேக்கர் மழைக்காலத்தில் வெண்மூட்டம் கட்டும், அதோடு மிதிபலகைக்கு அதன் உறுதி போதாது.

நாங்கள் மிதிபலகைக்குத் தண்ணீர்ப் பொலியூரித்தேனும் கைபிடிக்கு மெழுகு எண்ணெயும் தெரிந்தெடுத்தோம். கை நாள் முழுக்கத் தொடும் இடம் பிளாஸ்ரிக் மாதிரி இருக்கக் கூடாது என்பது அம்மாவின் விருப்பம், எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இரண்டிலும் பளபளப்பு வேண்டாம், மட் அல்லது அரை மட். பளபளக்கும் படியில் ஈரக்கால் வழுக்கும்.

எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் ஒயில் போன்றவை காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு அடைபட்டால் தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள் அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள். படிக்கு அடியில் சாமி அறை இருக்கும் வீடுகளில் இன்னொரு கவனம்: தின்னர் கலந்த பூச்சு அடிக்கும் நாட்களில் விளக்கு ஏற்றுவதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

இரும்புக்கு: தூரிகையா, பவுடர் கோட்டிங்கா?

பவுடர் கோட்டிங், அதாவது மின்னூட்டிய பவுடரைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு, நேர்த்தியாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குக் கம்பியை முழுதாகக் கழற்றி, ஏறக்குறைய 200 பாகை சூட்டில் அடுப்பில் வைக்க வேண்டும். அடிச்சட்டத்தோடு ஒட்டி, சீமெந்தில் புதைத்த பழைய கம்பியை வெட்டாமல் எடுக்க முடியாது. அடுத்தது, நெருக்கமான சுருள்களின் உள்மடிப்புகளில் மின்னூட்டிய பவுடர் சரியாகப் போய் ஒட்டாது. உப்புக்காற்று முதலில் தேடிப் போவது அந்த மடிப்பைத்தான். ஒரு சில்லு பெயர்ந்தால் அதன் அடியால் துரு ஊர்ந்து போகும், அந்த இடத்தை மட்டும் அதே நிறத்தில் திருத்தவும் முடியாது. நேர்க்கம்பி, பூட்டிக் கழற்றும் அமைப்பு என்றால் பவுடர் கோட்டிங் நல்லது. பூவேலைக் கம்பிக்கு, இருந்த இடத்திலேயே தூரிகையால் அடிப்பதுதான் என் தெரிவு.

அடிப்பதற்கு முன்னர் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். படிந்திருக்கும் உப்பின் மேல் பெயின்ற் அடித்தால், உப்பு ஈரத்தை உள்ளே இழுத்துக் கொப்புளம் கிளப்பும். கழுவி, உலரவிட்டு, கம்பித்தூரிகையால் துருவை எடுத்து, தின்னரால் துடைத்து, அன்றைக்கே அன்டி கொரோசிவ் என்ற துருத்தடுப்பு முதற்பூச்சை அடித்துவிட வேண்டும். சுத்தம் செய்த இரும்பை வெள்ளவத்தைக் காற்றில் இரவு முழுக்க விட்டால் காலையில் மறுபடி சிவந்திருக்கும். அதன்மேல் இரண்டு பூச்சு எனாமல். வெள்ளி நிறத்தை விட்டு மட் கறுப்புக்கோ கரும்பச்சைக்கோ போங்கள், அந்தப் பூவேலையே புதிதாகத் தெரியும். கல்வனைஸ்ட் (துத்தநாகம் பூசிய) குழாய் கலந்திருந்தால் அதற்குப் பிடிப்புக் கொடுக்கும் எட்ச் பிரைமர் வேண்டும், எனாமலை நேராக அடித்தால் தோல் தோலாக உரியும்.

பழைய பெயின்றைச் சுரண்டும்போது ஈயத்தை மறக்க வேண்டாம். இலங்கையில் பெயின்றில் ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரியில்தான். அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்று எண்ணியே வேலை செய்யுங்கள். உலர்வாக அரைக்காமல் நனைத்துத் தேய்க்க வேண்டும், தீயால் சுட்டு உரிக்கக் கூடாது, பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் வீட்டில் இல்லாமல் இருப்பது நல்லது.

இரண்டும் சேரும் இடம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். கைபிடி மரம் ஒரு தட்டையான இரும்புப் பட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும், கீழே இருந்து ஸ்குரூ பூட்டியிருப்பார்கள். அதைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் கைபிடியின் அடிப்பக்கம் பூச்சே காணாத வெறும் மரம், பட்டியின் மேற்பக்கம் பெயின்றே காணாத வெறும் இரும்பு. வியர்வையும் ஈரமும் அந்த இடுக்கில் இறங்கி, மரத்தில் கறுப்புக் கோடும் இரும்பில் செதில் செதிலாகத் துருவும். வெளியே எத்தனை பூச்சு அடித்தாலும் இந்த இடுக்கில் இருந்து கெடுதல் வந்துகொண்டே இருக்கும். கைபிடியைக் கழற்றாமல் செய்யும் வேலை எந்த விலைக்கு வந்தாலும் அதை ஏற்கமாட்டேன். கழற்றினால் மரத்தை மேசையில் வைத்து ஒழுங்காகத் தேய்க்கலாம், இரும்பின் மேற்பக்கத்துக்கும் அன்டி கொரோசிவ் போடலாம், மரத்தின் அடிக்கும் எண்ணெய் பூசலாம். கழற்றும்போது ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் இலக்கம் போட்டு வையுங்கள். திரும்பப் பூட்டப் பித்தளை ஸ்குரூ அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ. சாமான் எல்லாம் பழைய சோனகத் தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

ஆளைப் பிடிப்பதிலும் ஒரு தெரிவு இருக்கிறது. மொத்தமாகக் கொன்றாக்ட் பேசினால் செலவு எவ்வளவென்று முன்கூட்டியே தெரியும், ஆனால் வேலையை முடிக்கும் அவசரத்தில் வெட்டுப்படுவது அரத்தாள் வேலைதான். மர வேலைக்கு நாள் கூலிதான் நல்லது என்பது என் எண்ணம். எங்களுக்கு வந்த மொரட்டுவைப் பாஸ் முதல் நாள் தேய்த்துக்கொண்டே, "மிஸ், இது நல்ல பலா, அவசரப்படுத்த வேணாம்" என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். அப்படிச் சொல்லும் ஆளிடம் நாள் கூலியை நம்பிக் கொடுக்கலாம். இரும்பு வேலைக்குக் கொன்றாக்ட் பேசுங்கள், ஆனால் பணத்தை மூன்றாகப் பிரித்து, பிரைமர் அடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகு இரண்டாவது பங்கைக் கொடுங்கள்.

ஒழுங்கு இப்படி: முதலில் வெல்டிங், அப்புறம் இரும்பு, கடைசியாக மரம். காலம் என்றால் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. ஒக்ரோபர், நவம்பர் மழையில் தொடங்க வேண்டாம். மேலே போக வேறு வழியில்லாத வீட்டில் ஒன்றுவிட்ட படிகளை முதலில் பூசி, அவை காய்ந்த பிறகு மற்றவற்றைப் பூசலாம். பூசாத படியில் கடதாசி ஒட்டி அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் யாராவது பழக்கத்தில் ஈரமான படியை மிதித்துவிடுவார்கள். கடைசிப் பூச்சு தொட்டுப் பார்க்கக் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே இறுக இரண்டு வாரம் வரை எடுக்கும். அதுவரை பாய், கால்துடைப்பான் எதையும் படியில் போட வேண்டாம்.